எக்சிமா: சொல்லின் பொருளும் பிறப்பும், தமிழில் அதற்குரிய பெயரும்

நோய்க்கு இட்ட பெயரின் பிறப்பை ஆராய்வது மொழியியலாளரின் ஓய்வுநேர விளையாட்டு என்று வைத்தியர்கள் கருதக்கூடும். எக்சிமா என்னும் பெயரைப் பொறுத்தவரை அக்கருத்துப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அப்பெயர் தன்னுள் ஒரு மருத்துவக் கொள்கையைப் பொதிந்து வைத்திருக்கிறது. மருத்துவ உலகில் அக்கொள்கை செல்வாக்கிழந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. நம் வீடுகளிலோ, நம் மொழியின் வேறு சொற்களுக்குள் புகுந்து, அது இன்றும் உயிரோடிருக்கிறது. இதனை அறியாது எக்சிமாவைத் தமிழ்ப்படுத்தினால் அதன் விளைவைச் சுமக்க நேர்வது, சொறிந்து சொறிந்து உறக்கமிழக்கும் குழந்தைதான்.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கும் மேற்பட்டோர். சிட்னியின் மேற்குப் புறநகர்களிலும் மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர்களிலும் அவர்கள் செறிந்து வாழ்கின்றனர். சிட்னியையும் மெல்பேர்ணையும் மையமாகக் கொண்டு 1973இல் தொடங்கிய தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையும், 1977இல் நிறுவப்பட்ட தேசியத் தகுதிச் சான்று அமைப்பும் இந்நாட்டின் பெருமைக்குரிய ஏற்பாடுகள். ஆங்கிலம் போதாத ஒருவர் வைத்தியரின் முன் தம் மொழியிலேயே பேசலாம் என்பது இங்கு நடைமுறை. இந்நடைமுறையின் பயனாக, கலைச்சொல் ஆக்கம் அறிஞர் கூடும் மண்டபத்தைவிட்டு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. உரைபெயர்ப்பாளர் ஒருவர் மூன்று விநாடிக்குள் தேர்கின்ற சொல்லே அந்தக் குடும்பத்துக்கு நோயின் பெயராகிறது.

அவர் தேரக்கூடிய சொற்கள் பல. சிரங்கு, சொறி, படை, கரப்பான், கிரந்தி, தோலழற்சி, அரிக்கும் தோலழற்சி, அன்றி வெறுமனே எக்சிமா. இவற்றுள் எது தகும் என்று கூறுமுன், மூலச்சொல் தானே என்ன சொல்கிறது என்பதை அறிய வேண்டும்.

பொங்கி வழிந்தது

எக்சிமா கிரேக்கச் சொல். 'எக்' என்பது 'வெளியே' எனப் பொருள்படும் முன்னொட்டு; 'ஸெயின்' என்பது கொதித்தலைக் குறிக்கும் வினை. ஈற்றிலுள்ள 'மா', வினையின் விளைவைப் பெயராக்கும் கிரேக்க ஈறு. 'செய்' என்னும் வினையிலிருந்து 'டிராமா' பிறந்ததும், 'வீங்கு' என்னும் வினையிலிருந்து 'இடீமா' பிறந்ததும் அவ்வாறே. ஆகவே எக்சிமா என்பதன் நேர்ப்பொருள் 'கொதித்து வெளிவந்தது' என்பதாகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பொங்கல்' என்றே தமிழில் வரும். தைமாதத்து முதல்நாளில் பால் பொங்கி வழிவதைக் கண்டு மகிழ்கின்ற நமக்கு, கிரேக்கர் அதே காட்சியைத் தோலிற் கண்டு வேறு உணர்வு கொண்டனர் என்பது சற்றே வியப்பளிக்கும்.

இச்சொல்லை மருத்துவ நூலில் நாம் தெளிவாகக் காண்பது கி.பி. 6ஆம் நூற்றாண்டில். இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் நகரமாகிய அமிடாவிற் பிறந்து, கொன்ஸ்தாந்திநோப்பிளில் வைத்தியம் புரிந்த ஏயெத்தியசு, வெப்பமும் வலியும் உடைய கொப்புளங்களை மக்கள் இப்பெயரால் வழங்குவதாகவும், கொதித்தெழுவதால் அப்பெயர் வந்ததாகவும் எழுதினார். இங்கே கவனிக்கத்தக்கது, பெயரை வைத்தவர் வைத்தியரல்லர் என்பது. அது ஊர்வழக்கு. உலையில் நீர் குமிழியிடுவதைப் பார்த்த கண் தோலிலும் அதனையே பார்த்தது. பின்னர் நால்திரவக் கொள்கை அவ்வுவமைக்கு அறிவியற் சட்டை அணிவித்தது. உடலினுள் குருதியும் பித்தமும் சூடேறுகின்றன; சூடேறியது வெளியே தள்ளப்படுகிறது; தள்ளப்பட்டது தோலிற் கொப்புளமாகிறது.

இவ்வினையின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் கிளைத்துள்ளது. அப்பத்தைப் பொங்கச் செய்யும் 'யீஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அவ்வேரினது. சூடாக்கும்போது நீரை நுரையாக வெளிவிடும் கனிமத்துக்கு, சுவீடன் நாட்டுக் குரோன்ஸ்டெட் 1756இல் 'ஸியோலைட்' எனக் 'கொதிக்கும் கல்' என்ற பொருளிற் பெயரிட்டதும் அதே கிரேக்க வினையைக் கொண்டுதான். நமக்கு நெருக்கமான கிளை வடமொழியில் இருக்கிறது. 'யஸ்' என்னும் வடமொழி வேர் வேதமொழியில் நுரைத்தல், கொதித்தல் என்ற பொருளில் வழங்கிப் பின்னர் முயலுதல், உடல் வருந்துதல் என்ற பொருள்களுக்கு நகர்ந்தது. அதனின்று பிறந்தவை தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் ஆயாசம், பிரயாசை என்னும் இரு சொற்களும். நோயுற்ற குழந்தையின் கையைப் பிடித்தபடி இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் ஆயாசமும், குழந்தையின் எக்சிமாவும் ஒரே வேரின் இரு தளிர்கள். பயன் ஏதுமற்ற ஒற்றுமைதான். எனினும் குறித்துவைக்க ஆசை விடவில்லை.

ஆங்கிலத்தில் கொப்புளக் கட்டியைக் குறிக்கும் 'பொயில்' என்னும் பெயர்ச்சொல், கொதித்தலைக் குறிக்கும் 'பொயில்' என்னும் வினையிலிருந்து வந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முன்னது பழைய ஆங்கிலச் சொல். பின்னது பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன். வேறுவேறு ஊற்றுக்கள் ஓரொலியிற் கலந்தன. இத்தகைய தற்செயல்கள் இருப்பதாலேயே சொற்பிறப்பில் எச்சரிக்கை வேண்டும்.

உவமை நோய்ப்பெயராதல்

ஏயெத்தியசுவின் சொல் நெடுங்காலம் கறாரான பொருளின்றிக் கிடந்தது. அதற்கு எல்லை வகுத்தவர்கள் இலண்டனின் பொது மருந்தகமொன்றில் ஏழைகளுக்கு வைத்தியம் புரிந்த றொபேட் வில்லனும் அவர் மாணாக்கர் தோமஸ் பேற்மனும். தோல்நோய்களைக் காரணம் கொண்டன்றிக் கண்ணுக்குத் தெரியும் வடிவம் கொண்டு எட்டு வகுப்புக்களாகப் பிரித்தவர் வில்லன். பரு, செதில், சிறுகொப்புளம், சீழ்க்கொப்புளம், புள்ளி என்றவாறு அவ்வகுப்புக்கள் அமைந்தன. 1812இல் அவர் மறைய, 1813இல் பேற்மன் வெளியிட்ட சுருக்கநூல் எக்சிமாவைச் சிறுகொப்புள வகுப்பில் வைத்தது. நெருங்கிய சிறு கொப்புளங்கள், காய்ச்சலின்மை, வெயிலாலோ இரசத்தாலோ பிற உறுத்தலாலோ தோன்றுதல் என்று அவர் இலக்கணம் வகுத்தார். அந்த இலக்கணத்தில் இன்னொரு கூறும் இருந்தது: இது தொற்றாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வரையறையின் உள்ளே வைக்கப்பட்ட இக்கூறு, இன்று தமிழில் மொழிபெயர்க்கும்போது முதலிற் காணாமற் போவதை அடுத்துக் காண்போம்.

வியன்னாவின் பேர்டினன்ட் ஹெப்றா இச்சொல்லின் வரலாற்றில் பெரும் திருப்பம். வடிவத்தை மட்டும் நோக்கியவர்கள் கொப்புளத்தை ஒரு நோய் என்றும், கசிவை வேறொன்று என்றும், பொருக்கை மற்றொன்று என்றும் பிரித்திருக்க, அவையெல்லாம் ஒரே நோயின் படிகள் என்று அவர் காட்டினார். காட்டிய முறை நம்மவர்க்குச் சுவையானது. குரோட்டன் எண்ணெயை நலமான தோலிற் பூசி, எக்சிமாவின் படிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே தோற்றுவித்தார். குரோட்டன் எண்ணெய் என்பது வேறொன்றன்று. சித்த வைத்தியர் பேதிக்கு அளந்து கொடுக்கும் நேர்வாளத்தின் எண்ணெய். உள்ளே எதுவும் கொதிக்காமலே வெளியிலிருந்து பூசியதொன்றால் எக்சிமா வரும் எனின், 'கொதித்து வெளிவந்தது' என்னும் பெயர் பொய்யாகிறது. சொறியை உண்டாக்குவது தோலினுள் வளைதோண்டும் சிற்றுண்ணியே என்பதை 1840களில் ஐயத்துக்கிடமின்றி நிறுவியவரும் அவரே. எக்சிமாவும் சொறியும் இருவேறு நோய்கள் என்பதற்கு அப்போதுதான் உறுதியான அடிப்படை கிட்டியது.

ஹெப்றாவின் சமகாலத்து வைத்தியர் பலர் தோலிற் கசிவதை மருந்திட்டு நிறுத்தலாகாது என்று அஞ்சினர். நிறுத்தினால் கெட்ட நீர் உள்ளே திரும்பி, நெஞ்சையோ மூளையையோ தாக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. வெளியே பூசும் மருந்தே போதும் என்று ஹெப்றா வாதாட வேண்டியிருந்தது. பொங்கி வழிவது என்று பெயரிட்டபின், மூடியைப் போட்டு அமுக்கினால் என்னாகும் என்ற அச்சம் பெயரோடு கூடவே வருகிறது. இந்த அச்சத்தைத் தமிழ் வாசகர் இலகுவில் இனங்கண்டுகொள்வர். 'அமுக்கிவிட்டால் உள்ளுக்குப் போய்விடும்' என்ற வாசகத்தைக் கேளாது வளர்ந்த தமிழர் மிகச்சிலரே.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு கிரேக்கச் சொல் வந்து சேர்ந்தது. ஆஸ்துமா, ஒவ்வாமைச் சளி முதலியன குடும்பவழியாக ஒன்றுசேர்ந்து வருவதைக் குறிக்க, அமெரிக்க வைத்தியர்களாகிய கோக்காவும் குக்கும் ஒரு பெயரைத் தேடினர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியர் பெரி, 'இடமற்றது, வழமைக்குப் புறம்பானது' எனப் பொருள்படும் 'அற்றோப்பி' என்னும் சொல்லைத் தந்தார். ஆண்டு 1923. பத்தாண்டுகளின்பின் வைஸும் சல்ஸ்பேர்கரும் அதனைத் தோலழற்சிக்கு அடைமொழியாக்கினர். கலைச்சொல் தேடும் வைத்தியர் மொழியறிஞரின் கதவைத் தட்டிய இந்நிகழ்ச்சியை, நம்முடைய கலைச்சொற் குழுக்கள் நினைவிற் கொள்வது நன்று.

தமிழில் உள்ளவை

கிரேக்கரின் உவமை தமிழுக்கும் அந்நியமானதன்று. கொப்புளம் என்னும் சொல் நீர்மேற் குமிழியையும் தோலிற் புடைப்பையும் ஒருங்கே குறிக்கும். வாயில் நீரைக் கொப்புளிக்கும் வினையும் அதன் உறவே. அழற்சி என்பது அழல், அதாவது தீ. ஆங்கிலத்தின் 'இன்பிளமேஷன்' இலத்தீனத் தீச்சுடரிலிருந்து பிறந்ததைப் போலவே நம் சொல்லும் பிறந்துள்ளது. ஆயினும் அழற்சி என்பதைக் கேட்கும் இன்றைய காதுக்கு அதிலுள்ள தீ சுடுவதில்லை. அது கலைச்சொல்லாகிக் குளிர்ந்துவிட்டது. உடற்சூடு, சூட்டுக் கொப்புளம் முதலிய வழக்குகளில் மட்டும் அந்தச் சூடு ஆறாது கிடக்கிறது.

வடமொழி வழிவந்த மருத்துவ மரபில் எக்சிமாவுக்கு நெருங்கியது விசர்ச்சிகை. சரகர் நூல் அதனை அரிப்பு, கருமை கலந்த பருக்கள், மிகுந்த கசிவு என்னும் மூன்று குறிகளால் விளக்குகிறது. மூன்று குறிகளில் ஒரு நோயைக் கண்முன் நிறுத்தும் அச்சுருக்கம் வியக்கத்தக்கது. ஆனால் நூல் அதனை வைத்த இடம் குட்டவகை. சரகர் கூறும் பதினெட்டுக் குட்டங்களில் ஒன்றாக விசர்ச்சிகை வருகிறது. தமிழில் யூகி வைத்திய சிந்தாமணியின் பதினெட்டுக் குட்டங்களிலும் அது உண்டு. அக்காலத்துக் 'குட்டம்' தோல்நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயராய் இருந்தது. பின்னர் அது தொழுநோய் ஒன்றற்கே உரியதாய்ச் சுருங்கியது. சுருங்கியபின், பழைய வகைப்பாட்டை அப்படியே எடுத்து, எக்சிமா ஒருவகைக் குட்டம் என்று இன்றைய தாய்க்குச் சொன்னால் விளையும் துன்பத்தை விளக்க வேண்டியதில்லை. பொருள் மாறிய சொற்களைப் பழைமையின் பெயரால் மீட்டெடுக்க முனைவோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

கிரந்தி என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் சொல். இறாலும் கத்தரிக்காயும் கிரந்தி என்று விலக்கப்படும். குழந்தைக்குக் கிரந்தி எண்ணெய் பூசப்படும். முடிச்சு எனப் பொருள்படும் வடசொல்லே இதன் மூலம். தமிழகத்து மருத்துவ நூல்களிலோ இது மேகநோயால் வரும் கட்டிகளையும் சுட்டும். யாழ்ப்பாணத்துப் பாட்டியும் மதுரைப் பாட்டியும் ஒரே துண்டுப்பிரசுரத்தை வாசிக்கும் சிட்னியில் இச்சொல்லைப் பொதுச்சொல்லாக வைத்தல் இயலாது.

எஞ்சுவன சிரங்கும் கரப்பானும். நூல்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் உரைபெயர்ப்பிலும் நான் மிகுதியாகக் காண்பது சிரங்கு. அதற்குக் காரணம் எளியது: எல்லாருக்கும் தெரிந்த சொல். அதன் குறைபாடும் அதுவே. சிரங்கு என்றதும் தமிழர் மனத்தில் எழுவது சொறி சிரங்கு என்னும் இணைமொழி. அதாவது அழுக்கு, ஒட்டுதல், பாடசாலையிலிருந்து விலக்கி வைத்தல். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எக்சிமா என்று வைத்தியர் கூறியதை உரைபெயர்த்தவர் சிரங்கு என்றார். வீடு திரும்பியதும் பாட்டியார் குழந்தையின் பாயையும் போர்வையையும் பிரித்தார். மூத்தவள் தங்கையைத் தூக்கலாகாது என்று தடை விதித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த கந்தகக் களிம்பைப் பூசத் தொடங்கினார். உண்ணியைக் கொல்லும் கந்தகம் ஏற்கெனவே வறண்டு வெடித்த தோலை மேலும் உறுத்தும். குழந்தையின் நிலை மோசமாயிற்று. பாட்டியார் செய்தவற்றுள் தவறான செயல் ஒன்றுமில்லை. அவருக்குக் கிடைத்த சொல்லுக்கு ஏற்ற வைத்தியத்தையே அவர் செய்தார்.

கரப்பான் அவ்வாறன்று. வின்சுலோவின் அகராதி (1862) தொடக்கம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) வரை அது தோல்நோய்ப் பெயராகப் பதிவாகியுள்ளது. சித்த வைத்தியக் கல்லூரிகள் இன்று எக்சிமாவுக்கு நேராக வழங்குவதும் அதனையே. செங்கரப்பான், கருங்கரப்பான், மண்டைக்கரப்பான், வறட்சிக் கரப்பான் என்று நிறமும் இடமும் தன்மையும் பற்றி அம்மரபு வகைப்படுத்துகிறது. கேரளத்தில் கரப்பன் என்பது இன்றும் குழந்தைகளின் எக்சிமாவுக்கு வழங்கும் வீட்டுப்பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக, இது குழந்தை நோய் என்ற உணர்வு சொல்லோடு ஒட்டியிருக்கிறது. எக்சிமா பெரும்பாலும் முதலிரு ஆண்டுகளிலேயே தலைகாட்டும் நோயாதலின் இப்பொருத்தம் பெரிது.

இப்பெயர் பூச்சியின் பெயருமாகிறதே என்று இளையோர் நகைப்பதுண்டு. 'கரத்தல்' என்னும் ஒளிதல் வினையைக் கொண்டு இரண்டையும் இணைத்து, ஒளிந்து வாழும் பூச்சி என்றும், மறைந்து மறைந்து திரும்பும் நோய் என்றும் விளக்குவோர் உளர். எக்சிமா மறைந்து திரும்பும் நோய் என்பது உண்மையாதலால் இவ்விளக்கம் கவர்ச்சியுடையது. கவர்ச்சி சான்றாகாது. என் கணிப்பில், கரப்பானின் சிறப்பு அதன் பிறப்புத் தெளிவாகப் புலப்படாமையிலேயே இருக்கிறது. அது கொதிப்பைச் சொல்லவில்லை, தீயைச் சொல்லவில்லை, அழுக்கையும் சொல்லவில்லை. காரணம் கூறாத பெயர், காரணம் பற்றிய கொள்கை மாறும்போது பொய்யாவதில்லை.

கிறீனின் வழி

மருத்துவத் தமிழுக்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884). 1847இல் இலங்கைக்கு வந்த அவர், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் பற்றிய பாடநூல்களைத் தமிழில் ஆக்கியும் ஆக்குவித்தும் வெளியிட்டார். கலைச்சொல்லுக்கு அவர் வகுத்த ஒழுங்கு நன்கறியப்பட்டது. முதலில் தமிழில் தேடுதல், கிடையாதவிடத்து வடமொழியை நாடுதல், அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசைய எழுதுதல். 1936இல் விபுலாநந்த அடிகள் தலைமையிற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாடும் இவ்வினாக்களையே எதிர்கொண்டது.

கிறீனின் ஒழுங்கில் ஒரு நுட்பம் உண்டு. 'தமிழில் தேடு' என்றாரேயன்றி, 'மூலச்சொல்லின் உறுப்புக்களைத் தமிழாக்கு' என்று அவர் சொல்லவில்லை. பின்வந்த சொல்லாக்கத்தில் இவ்விரண்டும் குழம்பிவிட்டன. கிரேக்கத்தைப் பிரித்துப் பார்த்து, 'எக்' என்பதற்குப் 'புற' என்றும், 'ஸெயின்' என்பதற்குக் 'கொதி' என்றும் வைத்துப் 'புறக்கொதிப்பு' என ஒருவர் நாளை ஒரு சொல்லை ஆக்கலாம். இலக்கணப்படி குற்றமில்லை, செவிக்கும் இனிது. ஆயின் அது மொழிபெயர்ப்பது நோயையன்று, கி.பி. 6ஆம் நூற்றாண்டின் உவமையை. ஆங்கிலேயர் எக்சிமா என்னும்போது அவ்வுவமை அவர்களுக்குக் கேட்பதில்லை, கிரேக்கம் அறியாதார்க்கு அது இறந்த உவமை. தமிழில் 'கொதிப்பு' என்றால் அது உடனே உயிர்த்தெழும். உயிர்த்தெழுந்து, சூடு வெளியேறட்டும், மருந்திட்டு அடக்காதே என்று சொல்லத் தொடங்கும்.

சொல் செய்யும் வேலை

இன்றைய அறிவியல் கொதிப்பின் எதிர்த்திசையில் நிற்கிறது. ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் பணியாற்றிய ஆய்வுக்குழுவினர் 2006இல் வெளியிட்ட முடிவு இதில் மைல்கல். தோலின் மேற்படையை இறுகப் பிணைக்கும் 'பிலாக்கிறின்' என்னும் புரதத்துக்குரிய மரபணு பழுதுற்றோரிடம் எக்சிமா மிகுதியாகக் காணப்பட்டது. உள்ளிருந்து மிகையான ஏதோ வெளியே பொங்குவதாக ஏயெத்தியசு காலத்தவர் கண்டனர். இன்று தெரிவது, மதிலிற் கல் பெயர்ந்திருக்கிறது, உள்ளீரம் வெளியேறுகிறது, வெளியிலுள்ள உறுத்துபொருள்கள் உள்ளே நுழைகின்றன என்பது. எல்லா நோயாளரிடமும் அந்த மரபணுப் பழுது இல்லை. ஆயினும் மதில் என்னும் உவமை வைத்தியத்தின் முதற்படியை விளங்க வைக்கிறது: ஈரத்தைக் காக்கும் களிம்பை நாள்தோறும் பூசுதல் மதிலைப் பூசி மெழுகுவதே. கொதிப்பு என்று நம்புகிறவர், மெழுகுவது அடைத்துவிடும் என்று அஞ்சுவார். மதில் என்று நம்புகிறவர் அஞ்சமாட்டார்.

கரப்பான் என்னும் சொல்லிலும் ஓர் இடர் உண்டு என்பதை மறைத்தலாகாது. அது 'கரப்பான் பண்டம்' என்னும் தொடரை உடனழைத்து வருகிறது. கத்தரிக்காய், கருவாடு, சோளம், வரகு என்று நீளும் விலக்குப் பட்டியலைப் பாட்டிமார் மனப்பாடமாக வைத்திருப்பர். மெல்பேர்ணில் 2007 முதல் 2011 வரை ஒருவயதுக் குழந்தைகள் 5,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து மேடொக் சிறுவர் ஆய்வு நிறுவனம் நடத்திய 'ஹெல்த்நட்ஸ்' ஆய்வு, உணவுக்கும் எக்சிமாவுக்கும் உறவு உண்டு என்பதை உறுதிப்படுத்தியது. எக்சிமா உள்ள குழந்தைகளில் ஐவரில் ஒருவருக்கு நிலக்கடலை, முட்டை வெண்கரு, எள் ஆகியவற்றுள் ஏதேனுமொன்று ஒவ்வாதிருந்தது. எக்சிமா இல்லாதோரில் இது இருபத்தைவரில் ஒருவர். பாட்டியின் பட்டியல் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாமைக்கு இது காரணம். ஆனால் பட்டியலிலுள்ள பொருள்களும், ஆய்வு கண்ட பொருள்களும் ஒன்றல்ல. மேலும், வெடித்த தோல்வழியாக உணவுத்துகள் உட்புகுவதாலேயே ஒவ்வாமை உருவாகலாம் என்றும், வாய்வழியாக உரிய காலத்தில் ஊட்டுவது அதைத் தடுக்கலாம் என்றும் இன்று கருதப்படுகிறது. 2016 முதல் அவுஸ்திரலேசிய ஒவ்வாமை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல், நிலக்கடலையையும் வேகவைத்த முட்டையையும் முதலாண்டிலேயே ஊட்டுமாறு கூறுகிறது. 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்கும் பழக்கம் இதற்கு நேர்மாறு.

அதனாற் கரப்பானைக் கைவிட வேண்டும் என்பாரோடு நான் உடன்படவில்லை. உணவைப் பற்றிய அந்த எண்ணம் சொல்லாமலே தாயின் மனத்தில் இருக்கிறது. எக்சிமா என்னும் அறியாச் சொல்லை வைத்தால் அந்த எண்ணம் வாய்திறவாது வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் வேலை செய்யும். கரப்பான் என்றால் அது வைத்தியரின் முன்னிலையிலேயே கேள்வியாக வெளிவரும்: "அப்ப, டொக்டர், பிள்ளைக்கு முட்டை குடுக்கலாமோ?" அந்தக் கேள்விக்கு வைத்தியரிடம் விடை உண்டு. சிரங்கு என்ற சொல்லோ கேள்வியை எழுப்புவதில்லை. வெட்கத்தை எழுப்பி வாயை மூடச் செய்கிறது.

ஆகவே, பொதுமக்களுக்கான எழுத்திலும் உரைபெயர்ப்பிலும் முதன்முறை 'எக்சிமா எனப்படும் கரப்பான்' என்று இரண்டையும் சேர்த்து வழங்கி, அடுத்த வாக்கியத்திலேயே 'இது ஒட்டும் நோயன்று' எனச் சேர்ப்பதே தகும் என்பது என் முன்மொழிவு. தொழில்சார் எழுத்துக்குத் தோலழற்சி பொதுப்பெயராகவும், அதன் உட்பிரிவாகக் கரப்பானும் நிற்கலாம். ஒலிபெயர்ப்பைப் பொறுத்தவரை எக்ஸிமா, எக்ஜிமா, எக்ஸீமா என்று பல வடிவங்கள் உலவுகின்றன. எக்ஜிமா இந்தியின் வழி வந்தது. மூலத்தின் அதிரொலி தமிழில் எவ்வாறும் இல்லையாதலின், அவுஸ்திரேலிய உச்சரிப்புக்கும் நம் எழுத்தியல்புக்கும் ஒத்த எக்சிமா போதும்.

மொழிபெயர்ப்பாளர் கவனத்துக்கு இன்னும் ஒன்று. ஆங்கிலத் துண்டுப்பிரசுரங்கள் எக்சிமாவின் முதற் குறியாகத் தோல் சிவத்தலைக் கூறுகின்றன. நாமும் அதனைச் 'சிவந்து காணப்படும்' என்று அப்படியே பெயர்க்கிறோம். வெண்தோலில் சிவக்கும் நோய் நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்தும், ஊதா கலந்தும், சுற்றியுள்ள தோலினும் கருத்தும் தோன்றும். சிவப்பைத் தேடும் தாய் அதனைக் காணாது வாரங்களைக் கழித்துவிடுகிறாள். சரகர் விசர்ச்சிகையின் குறியாகக் கருமையைச் சொன்னது இம்மண்ணின் தோலைப் பார்த்து எழுதியதனால். தமிழ்த் துண்டுப்பிரசுரத்திற் 'சிவத்தல்' வரும் இடத்தில் 'கருத்தல், தடித்தல், சொரசொரத்தல்' என எழுதுவது மூலத்துக்கு மாறான மொழிபெயர்ப்பு என்று சரிபார்ப்போர் திருத்தக்கூடும். திருத்தினால் காரணத்தை எடுத்துரைத்து அச்சொற்களை நிலைநிறுத்துவது மொழிபெயர்ப்பாளரின் பணி.